வாய் திறவாத ஹம்லெட்

முள்ளியவளையில் கோவலன் கூத்துப் பழகும்போது, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் என்னை ஒரே பிழைக்காகத்தான் திரும்பத் திரும்ப மறிப்பார். சிலம்பை வாங்கிக்கொண்டு கோவலன் விற்கப் புறப்படும் இடம் அது. என் பாட்டு முடிந்து, கண்ணகிக்கு ஆடும் தம்பி பாடத் தொடங்குவார். நான் அடுத்த அடியை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு நிற்பேன். "உன் வாய் ஓய்ந்ததும் கோவலனும் களரியைவிட்டுப் போய்விடுகிறான்" என்பார் அண்ணாவியார். அது எனக்கு விளங்கும். ஆனால் சும்மா நிற்கும் கோவலனை எப்படி ஆடுவது என்பது பல ஆண்டுகளாகப் பிடிபடவில்லை.

யாழ்ப்பாணத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் என் மருமகள் போன மாரியில் வீட்டுக்கு வந்திருந்தாள். "மாமா, இதை ஒருக்கால் பாருங்கள்" என்று தன் தொலைபேசியை என் கையில் தந்தாள். ஷேக்ஸ்பியரின் நாடகத்தை வைத்துக் கிரிகோரி கோசின்ட்சேவ் 1964இல் எடுத்த ருஷ்ய 'ஹம்லெட்', கறுப்பு வெள்ளைப் படம். கடற்கரைப் பாறைகளுக்கிடையே ஒருவன் நடக்கிறான். இருப்பதா, இறப்பதா என்று உலகமே அறிந்த அந்தப் பேச்சு கேட்கிறது. ஆனால் அவனுடைய உதடுகள் அசையவில்லை. குரல் உள்ளிருந்து வருகிறது; அலை வந்து பாறையில் மோதுகிறது; அவன் நடக்கிறான், அவ்வளவுதான். முல்லைத்தீவுக் கடலைப் பார்த்து அப்படி வாய் திறவாமல் நடந்தவர்களை நான் அறிவேன். படத்தை நிறுத்திவிட்டு, அந்த நடிகர் யார் என்று மருமகளிடம் கேட்டேன்.

இனொகென்தி ஸ்மொக்துனோவ்ஸ்கி. 1925இல் சைபீரியாவின் தோம்ஸ்க் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். வறுமை காரணமாக அத்தை வீட்டில் வளர்ந்தார் என்று மருமகள் சொன்னாள். 1943இல் போர்முனைக்குப் போனார். கூர்ஸ்க் சமரிலும் தினீப்பர் ஆற்றைக் கடந்த சண்டையிலும் நின்றார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜெர்மன் படையிடம் பிடிபட்டார். ஒரு மாதத்துக்கும் மேலான சிறைக்குப் பிறகு, கைதிகளை நடத்திக்கொண்டு போன வழியில் ஒரு பாலத்தின் அடியில் ஒளிந்து தப்பினார். உக்ரேனியக் குடியானவர் குடும்பம் ஒன்று தன் உயிரைப் பணயம் வைத்து அவரை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டது. பிறகு கெரில்லாக்களோடு சேர்ந்தார். மறுபடி படையில் சேர்ந்து போர் முடியும்வரை போரிட்டார்.

இவ்வளவும் செய்தவருக்கு, எதிரியிடம் பிடிபட்டவர் என்பதற்காகப் பெருநகரங்களில் குடியிருக்கத் தடை. வடதுருவ வட்டத்துக்கு அப்பால், கைதிகளின் உழைப்பில் எழுந்த நொரில்ஸ்க் நகரத்து அரங்கில் நடிக்கப் போனார். அங்கேதான் ஸ்மொக்துனோவிச் என்ற குடும்பப் பெயர் ஸ்மொக்துனோவ்ஸ்கி ஆயிற்று. அந்த மேடையில் அவரோடு நடித்தவர்களுள் கியோர்கி ஜ்ஜோனவும் ஒருவர். அவர் தண்டனையாக அங்கே அனுப்பப்பட்டவர்.

இந்தப் பகுதியை மருமகள் வாசித்துச் சொன்னபோது நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். முட்கம்பி முகாமிலிருந்து வெளியே வந்த ஆண்டு, வேறோர் ஊருக்கு வேலை கேட்டுப் போயிருந்தேன். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார்கள். சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் எதுவும் கேட்கவில்லை, வேலையும் தரவில்லை.

நொரில்ஸ்க்கிலிருந்து மகச்சகலா, ஸ்டாலின்கிராட் என்று சிறு சிறு அரங்குகளில் காலம் போயிற்று. முப்பது வயதாகியும் பெயர் தெரியாத நடிகர். 1957 கடைசியில்தான் லெனின்கிராட்டில் தொவ்ஸ்தனோகவ் நெறிப்படுத்திய, தஸ்தயேவ்ஸ்கியின் நாவலிலிருந்து வந்த 'அசடன்' நாடகத்தில் இளவரசன் மீஷ்கினாக ஆடி ஊரை எழுப்பினார். அந்தப் பாத்திரம் முதலில் அவருக்கு வசப்படவேயில்லையாம். படப்பிடிப்பு நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவே, ஒரு மனிதர் நின்றபடி அமைதியாகப் புத்தகம் வாசிப்பதைக் கண்டிருக்கிறார். மீஷ்கின் இவர்தான் என்று அந்த நொடியே பட்டிருக்கிறது. அந்த மனிதர் பல ஆண்டுகள் முகாமில் இருந்து வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் இதை நம்புகிறேன். முகாமில் இருந்து வந்த ஒருவரின் அமைதியை எங்கள் ஊரில் யாரும் தேடிப் போகத் தேவையில்லை.

'ஹம்லெட்'டுக்கு 1965இல் லெனின் பரிசு கிடைத்தது. செகோவின் வான்யா மாமா, தஸ்தயேவ்ஸ்கியின் விசாரணை அதிகாரி பொர்ஃபீரி, மாலி அரங்கில் ஜார் ஃபியோதர், 1976 முதல் மொஸ்கோ கலை அரங்கு என்று மிச்ச வாழ்க்கை நிறைந்தது. தர்கோவ்ஸ்கியின் 'கண்ணாடி' படத்தில் முகமே காட்டாமல் கதைசொல்லியின் குரலாக மட்டும் வருகிறார். போரில் அவருக்குரிய வீரப் பதக்கம் ஒன்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அந்தக் கலை அரங்கின் மேடையில்தான் அவர் கைக்கு வந்தது. 1994 ஆகஸ்டில் காலமானார்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிது குழல் காட்சிதான். வேவு பார்க்க வந்த நண்பர்களிடம் ஹம்லெட் ஒரு குழலை நீட்டி வாசிக்கச் சொல்கிறான். தெரியாது என்கிறார்கள். ஒரு குழலையே வாசிக்கத் தெரியாத நீங்கள் என்னை வாசிக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்கிறான். நானாக இருந்தால் அந்த இடத்தில் தொண்டை கிழியப் பாடியிருப்பேன். அவரோ அவர்கள் சொல்லும் ஒவ்வொரு மறுமொழியையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த சொல்லை எடுக்கிறார். கேட்கும்போது அந்தக் கண்கள் செய்கிற வேலையைப் பார்க்கவே ஏழெட்டுத் தடவை பின்னுக்கு ஓட்டினேன்.

சிலம்புக்குப் பதிலாக நாங்கள் பழகும்போது வைத்திருப்பது ஒரு பழைய பித்தளைக் காப்பு. போன வெள்ளிக்கிழமை அதைக் கையில் வாங்கியதும் அடுத்த அடியை நான் நினைக்கவில்லை. கண்ணகியின் பாட்டைக் கடைசிச் சொல்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். என் முறை வந்தபோது அரைத் தாளம் பிந்திவிட்டது. தாளக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அண்ணாவியார் மத்தளத்திலிருந்து கையை எடுக்காமலே, "தம்பி, கண்ணகி பாடுகிற இடத்திலிருந்து இன்னொருக்கால்" என்றார்.