பேட்ச் இல்லாதவனின் நாட்குறிப்பு

ஜனவரி 9, 2024

திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் சென்னைக்கு வந்து கேமரா வாடகைக்கு விடும் கம்பெனியில் பெட்டி தூக்குகிறான் என்று ஊரில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். லட்சக்கணக்கில் விலை போகும் லென்ஸைத் தினமும் கையில் எடுத்துத் துடைத்து, ஃபோகஸ் பார்க்கும் சார்ட் முன்னால் வைத்து, லென்ஸின் ஃபோகஸ் ரிங்கில் எழுதியிருக்கிற தூரமும் டேப் காட்டுகிற தூரமும் பொருந்துகிறதா என்று பார்த்து, திரும்பப் பெட்டியில் வைப்பது என் வேலை. வெளியே காசு கொடுத்தாலும் இத்தனை லென்ஸ் கைக்கு வராது. அப்புறம், கேமரா ஷூட்டிங்குக்குப் போனால் கூடவே கம்பெனி ஆள் ஒருத்தர் போக வேண்டும். அப்படித்தான் சிபாரிசு எதுவும் இல்லாமல் ஸ்பாட்டுக்குள் கால் வைத்தேன்.

ஒளிப்பதிவாளராக வேண்டும் என்கிறவன் தரமணி சினிமா இன்ஸ்டிட்யூட்டுக்கு ஏன் போகவில்லை என்றால், வீட்டு நிலைமை. வேறு தத்துவம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 2

அம்பத்தூர் பக்கம் ஒரு டீக்கடையில் ராத்திரி ஷூட். உள்ளே பழைய சோக் போட்ட டியூப்லைட். மானிட்டரில் படம் லேசாகத் துடித்துக்கொண்டே இருந்தது. கேமராமேனின் அசோசியேட் வந்தார், ஷட்டர் கோணத்தை 180 டிகிரியிலிருந்து 172.8க்கு மாற்றினார், துடிப்பு நின்றது. ஏன் சார் என்றேன். "டியூப்லைட்னா அப்படித்தான்யா வைக்கணும்" என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

ரூமுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் 180 டிகிரி, அதாவது 360இல் பாதி என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 1/48 நொடி வெளிச்சம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. 1/50 நொடி வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும். 1/48 வைத்தால் கொஞ்சம் கூடுதலாக விழும், அந்தக் கூடுதல் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும், அதுதான் கண்ணில் தெரிகிறது. 24ஐ 360ஆல் பெருக்கி 50ஆல் வகுத்தால் 172.8 வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நொடிக்கு 120 துடிப்பு, அது 24ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது, எல்லா ஃப்ரேமிலும் ஒரே அளவு விழுகிறது, அதனால் அங்கே 180லேயே ஒன்றும் தெரியாது. அவர்கள் யூடியூப் பாடத்தை மட்டும் பார்த்துவிட்டு அம்பத்தூர் டீக்கடைக்குள் போனால் முழிக்க வேண்டியதுதான்.

அசோசியேட் மேல் கோபமில்லை. அவருக்கும் யாரோ இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

மார்ச் 17

லைட்மேன் அண்ணன் ஒருத்தரிடம் நல்ல பழக்கமாகிவிட்டது. இன்று முகத்தில் வெளிச்சம் ஜாஸ்தி என்று டிம்மரில் கை வைக்கப் போனேன். "தம்பி, குறைக்காத. ஸ்டாண்டப் பின்னாடி தள்ளு, முகத்தையும் செவத்தையும் சேத்துப் பாரு" என்றார். தள்ளிப் பார்த்தால் முகத்தில் குறைந்தது, பின்னால் இருட்டாகக் கிடந்த சுவர் மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல்தான். லைட் முகத்துக்கு நாலு அடியிலும் சுவர் முகத்துக்குப் பின்னால் நாலு அடியிலும் இருந்தால் சுவருக்கு முகத்தில் விழுவதில் கால் பங்குதான் போகும். லைட்டை எட்டு அடிக்கு இழுத்துவிட்டால் சுவருக்கு முகத்தில் விழுவதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். டிம்மரால் இந்த விகிதத்தை மாற்ற முடியாது. அண்ணன் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர்.

சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ராவைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'பதேர் பாஞ்சாலி'க்கு முன்னால் அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. பிரெஞ்சு இயக்குநர் ரெனுவார் கல்கத்தாவுக்குப் படமெடுக்க வந்தபோது ஓரமாக நின்று, லைட் எங்கெங்கே வைக்கிறார்கள் என்று படம் வரைந்து குறித்துக்கொண்டவர். 'அபராஜிதோ'வில் (1956) காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட் போட வேண்டி வந்தது. திறந்த முற்றத்தில் நிழல் விழாத வெளிச்சம் வேண்டும் என்பதற்காக மேலே வெள்ளைத் துணி கட்டி, லைட்டை அதில் அடித்துத் திருப்பினார். இன்று நாங்கள் தெர்மாகோலைத் தூக்கிக்கொண்டு அலைவதும் அதே வேலைக்குத்தான்.

ஏப்ரல் 28

இன்ஸ்டிட்யூட் போகாமல் வந்தவர்கள் என்றாலே எல்லோரும் கே.வி. ஆனந்தைச் சொல்வார்கள். பத்திரிகைகளுக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார், ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்தார், ஒளிப்பதிவாளராக முதல் படமான 'தேன்மாவின் கொம்பத்து'க்கே (1994) தேசிய விருது. எல்லாம் சரி. ஆனால் ஸ்ரீராம் சென்னை இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர், ஆக அந்தப் பாடம் ஒரு கை மாறி ஆனந்துக்கு வந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

பாடம் எப்படியும் கிடைத்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கு இல்லாதது பேட்ச், கூடப் படித்த கூட்டம். இன்ஸ்டிட்யூட்டில் டைரக்‌ஷன், எடிட்டிங், சவுண்ட் படிக்கிறவர்கள் எல்லாம் ஒரே கேன்டீனில் சாப்பிட்டு, சண்டை போட்டு, சேர்ந்து ஒரு டிப்ளமோ படம் எடுக்கிறார்கள். பிற்பாடு ஒருத்தனுக்குப் படம் கிடைத்தால் கேமராவுக்கு யாரைக் கூப்பிடுவான்? கல்யாண வீடியோ எடுத்தவனையா? இதை யாரும் பேசுவதில்லை, "திறமை இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பேட்ச் உள்ளவர்கள்.

ஆகவே சாலிகிராமம், விருகம்பாக்கம் டீக்கடைகளில் நிற்கும் உதவி இயக்குநர்கள்தான் என் பேட்ச் என்று முடிவெடுத்திருக்கிறேன். அவர்களிடம் கதை இருக்கிறது, கேமரா இல்லை. என் ஓனர் ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும் கேமராவைத் தருகிறேன் என்கிறார்.

ஜூன் 11

விருகம்பாக்கத்தில் ஒரு மொட்டைமாடி ரூமில் குறும்படம் முடித்தோம். இயக்குநருக்குப் பின்னணி எல்லாம் கரைந்து போகிற மாதிரி வேண்டும். 50 எம்.எம். லென்ஸை டி2 அளவுக்கு நன்றாகத் திறந்து வைத்து ஆறடியில் ஆளை நிறுத்தினால் ஃபோகஸ் நிற்பது அஞ்சு அங்குலம்தான், நடிக்கிறவரோ வசனம் பேசும்போது முன்னும் பின்னும் ஆடுகிறவர், ஆள் நகர நகர ஃபோகஸைத் திருப்பும் ஃபோகஸ் புல்லருக்குக் காசும் இல்லை. கூட ஒரு லைட்டைப் போட்டு, லென்ஸ் திறப்பைச் சுருக்கி டி4க்கு வந்துவிட்டேன், பத்து அங்குலம் கிடைத்தது. இயக்குநருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. எடிட்டில் ஒரு ஷாட்டும் வீணாகவில்லை என்று பார்த்ததும் சமாதானமாகிவிட்டார்.

ஆகஸ்ட் 4

அதே இயக்குநர் ஒரு தயாரிப்பாளரிடம் கதை சொல்லியிருக்கிறார். "கேமரா யாரு, என்ன படம் பண்ணிருக்கார்?" என்பதுதான் முதல் கேள்வியாம். குறும்படத்தைக் காட்டியிருக்கிறார், முழுசாகச் சம்மதமில்லை, பைலட், அதாவது மாதிரிக்கு ஒன்றிரண்டு சீன் எடுத்துக் காட்டுங்கள் என்றிருக்கிறார்கள். வரும் ஞாயிறு ஷூட், பகலில் ஒரு சீன், ராத்திரியில் ஒரு சீன். படம் ஓகே ஆனாலும் என்னை மாற்றிவிட வாய்ப்பிருக்கிறது, இந்த ஊரில் அது சகஜம், தெரிந்தேதான் போகிறேன். லைட்மேன் அண்ணனைக் கேட்டேன். வருகிறேன் என்றார், ஆனால் பேட்டாவைக் காலையிலேயே கையில் கொடுத்துவிட வேண்டுமாம், பைலட் என்று சொல்லி ஏமாற்றியவர்கள் நிறையப் பேராம். நாளைக்கு ஓனரிடம் அட்வான்ஸ் கேட்க வேண்டும்.