கூரையைப் பார்த்துக் கட்டணம்: ஒரு பழைய தீக்காப்புறுதிப் பதிவேடு

1666 செப்டம்பரில் மூண்ட பெருந்தீயில் இலண்டனின் ஏறத்தாழ 13,200 வீடுகள் எரிந்து போன பிறகே, வீட்டைத் தீக்கு எதிராகக் காப்புறுதி செய்வது அந்நகரில் ஒரு தொழிலாக வளர்ந்தது. அத்தொழிலில் 1710இல் இறங்கிய சன் நிறுவனத்தின் பதிவேடுகள் அந்த ஆண்டிலிருந்து 1863 வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளாக இன்றும் இலண்டன் சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. இலங்கையின் வன்னியில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுத எனக்கு என்ன வந்தது என்று கேட்பவர்கள், அப்பதிவேடுகள் கூரையைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

ஒவ்வொரு பதிவிலும் ஒப்பந்த எண், ஆளின் பெயர், தொழில், இருப்பிடம் ஆகியவை முதலில் வரும். வீடுகளுக்கு இலக்கமிடும் வழக்கம் பரவாத காலமாதலால், இன்ன விடுதிப் பலகைக்கு எதிரே, இன்ன சந்துக்கு அருகே என்றுதான் பல முகவரிகள் எழுதப்பட்டன. பிள்ளையார் கோயிலடி, குளக்கட்டடி என்று இன்றும் முகவரி சொல்லும் நமக்கு அது விளங்காத வழக்கமல்ல. அடுத்து, சுவர் செங்கல்லா மரமா, கூரை ஓடா புல்லா என்பது வரும். வீட்டுத் தட்டுமுட்டு, உடுதுணி, அச்சிட்ட புத்தகம், வெள்ளிப் பாத்திரம், கடைச்சரக்கு ஒவ்வொன்றுக்கும் இத்தனை பவுணுக்கு மேற்படாது என்று தனித்தனியே தொகை போடப்பட்டிருக்கும். விதவைகளும் மணமாகாத பெண்களும் தம் பெயரில் கடை நடத்தியதை வரலாற்றாய்வாளர்கள் கண்டறிந்ததும், தொடக்ககால நெசவாலைகளின் முதலீட்டை மதிப்பிட்டதும் இத்தகைய வரிகளைக் கொண்டுதான்.

ஆபத்தை அவர்கள் மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள்: சாதாரணம், ஆபத்தானது, இரட்டிப்பு ஆபத்தானது. செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் முதலாவதில் சேரும்; புல் வேய்ந்த கூரை மேல்வகுப்புக்குப் போய்க் கூடுதல் கட்டணம் கட்டும். அந்த அளவுகோலை வைத்தால் கிடுகாலும் பனையோலையாலும் வேய்ந்த நமது வீடுகளும், அடுப்பெரியும் குசினிக் கொட்டிலும் உயர்ந்த கட்டணத்தில்தான் விழுந்திருக்கும். பணமுள்ளவனுக்கு மலிவு, ஓலைக்கூரைக்காரனுக்கு விலை என்ற இந்தக் கணக்கு அநியாயம் போலத் தெரிந்தாலும், தீயின் பக்கத்தில் நின்று பார்த்தால் பிழை சொல்ல முடியாது. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1782இல் காப்புறுதித் தொகையின் ஒவ்வொரு 100 பவுணுக்கும் ஒன்றரைச் சிலிங் வரி போட்டு, 1815இல் அதை மூன்று சிலிங்காக்கி, 1869 வரை வசூலித்தது.

காப்புறுதி செய்த வீட்டின் சுவரில் பதிக்கப்படும் நிறுவனத்தின் ஈயச் சின்னம் இல்லாத வீடு எரிந்தால் அதன் தீயணைப்பாளர்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்ற கதை சுவையானது. ஆனால் அது வழக்கமாக நடந்தது என்பதற்கு நல்ல சான்று இல்லை. பதிவேட்டுக்கும் எல்லை உண்டு. காப்புறுதி எடுக்க வசதியில்லாதவன் அதில் இல்லை. தொகையும் பெரும்பாலும் உரிமையாளர் சொன்னதுதான்.

ஆயினும் அந்தத் தொகை தீப்பிடிக்கும் முன்பே எழுதப்பட்டது என்பதில்தான் அதன் பெறுமதி முழுவதும் இருக்கிறது. 2009இல் போர் முடிந்த பிறகு இங்கே நட்டஈட்டுப் படிவம் நிரப்பியவர்கள் எல்லாவற்றையும் இழந்த பின்னரே எழுதத் தொடங்கினார்கள். நீர்ப்பம்பி ஒன்று, தையல் இயந்திரம் ஒன்று, சைக்கிள் இரண்டு, நெல் மூடை இத்தனை என்று நினைவிலிருந்து எழுதியவர்களிடம் ஆதாரம் கேட்டபோது, காட்டுவதற்குப் பற்றுச்சீட்டும் இல்லை, காணி உறுதியும் பலரிடம் இல்லை. கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருந்த வெண்கலக் குடத்துக்கு எந்தக் கந்தோரில் பதிவு இருக்கப்போகிறது?

காப்புறுதிப் பதிவேடு நமக்கு வாய்க்கவில்லை என்றாலும், அதற்கு நெருங்கிய உறவான ஏடுகள் சில இருந்தன: பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பேரேடு, அரவை ஆலையின் நெல் கணக்கு, நகை அடகுக் கொப்பி. இடம்பெயர்வுகளுக்குத் தப்பிய அப்படியொரு கொப்பி யாரிடமாவது இருந்தால், கறையான் அரித்திருந்தாலும் பழைய கடதாசிக்காரனிடம் போட்டுவிட வேண்டாம். படம் எடுக்கும்போது பெயர் தெரியும் பக்கங்களை மட்டும் தேர்ந்தெடுக்காமல், முதல் பக்கத்தில் உள்ள நிரல் தலைப்புகளையும் சேர்த்து எடுங்கள். தலைப்புத் தெரியாவிட்டால், கீழே இருக்கும் எண் மூடையா, ரூபாயா, பரப்பா என்று பின்னால் வருபவனால் சொல்ல முடியாது.