ஊஞ்சலுக்கு முன்னால் பெஞ்சைப் பாருங்கள்

சனிக்கிழமை விடிந்ததும் பெரியவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். "அம்மா, இன்னைக்கு ஆமை பார்க்கா, கொக்கு பார்க்கா, தண்ணி பார்க்கா?" மூன்றுமே அவன் வைத்த பெயர்கள். ஆமை பார்க் என்றால் மிட்செல் பார்க், கொக்கு பார்க் என்றால் பொட்டானிக் கார்டன், தண்ணி பார்க் என்றால் டர்பன் கடற்கரை. அவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு இரண்டரை. கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது, அதில் இந்த ஐந்து வருஷமாக சனி ஞாயிறு என்றாலே ஏதாவதொரு பூங்காவில்தான் இருக்கிறேன். புதிதாகக் குழந்தையோடு இந்த ஊருக்கு வருகிற நம்மவர்கள் எந்த பார்க் நல்லது என்று கேட்கிறார்கள், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆரம்பத்தில் எனக்கு எதைப் பார்க்க வேண்டும் என்றே தெரியவில்லை. ஊஞ்சல் எத்தனை இருக்கிறது, சறுக்குமரம் எவ்வளவு உயரம், ஜங்கிள் ஜிம் புதுசா பழசா, இதைத்தான் பார்த்தேன். என் மாமியார் எங்களோடு வர ஆரம்பித்த பிறகுதான் பார்வை மாறியது. அத்தை உள்ளே நுழைந்ததும் ஊஞ்சல் பக்கம் திரும்பவே மாட்டார். முதலில் பெஞ்ச் எங்கே, அதற்கு நிழல் இருக்கிறதா, அங்கே உட்கார்ந்தால் குழந்தைகள் கண்ணில் படுவார்களா, பக்கத்தில் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பையை இறக்கி வைப்பார். அவருக்குக் கால்வலி, அதனால்தான் பெஞ்சைத் தேடுகிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியான கணக்கு. பெரியவர்களுக்கு உட்கார இடமில்லாத பூங்காவில் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது. நமக்கு இடுப்பு கடுக்கும், வெயில் தாங்காது, "போதும் வா" என்று குழந்தையை இழுத்துக்கொண்டு கிளம்புவோம். உட்கார நல்ல நிழல் கிடைத்தால் குழந்தை இரண்டு மணி நேரம் மண்ணில் கிடக்கும். குழந்தைக்கு வேண்டியது அந்த இரண்டு மணி நேரம்தான். முதல் அரை மணி நேரம் ஊஞ்சல் ஊஞ்சல் என்று ஓடுவார்கள், அப்புறம்தான் குச்சி பொறுக்குவது, எறும்பு பின்னால் போவது, பக்கத்துக் குழந்தையோடு சண்டை போட்டு சமாதானமாவது எல்லாம் நடக்கும்.

நிழல் விஷயத்தில் நம்ம ஊர்ப் பழக்கம் இங்கே ஏமாற்றிவிடும். தமிழ்நாட்டில் வருஷத்தில் பெரும்பகுதி உச்சிவெயில் தெற்குச் சாய்வாக விழும். டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே கிட்டத்தட்ட 30 டிகிரியில் இருக்கிறது, நடுப்பகலில் சூரியன் எப்போதும் வடக்கே நிற்கும். அதாவது மரம் சறுக்குமரத்துக்கு வடக்கே இருந்தால்தான் மத்தியான நிழல் அதன் மேல் விழும், தெற்கே இருந்தால் பிரயோஜனமில்லை. இது தெரியாமல் ஒரு டிசம்பர் மாதம், இங்கே கடும் கோடை, வீட்டுக்குப் பக்கத்துச் சின்ன பூங்காவில் பெரியவனைத் தகரச் சறுக்குமரத்தில் ஏற்றிவிட்டேன். அரைக்கால் டவுசர். பாதி சறுக்கியதும் இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான், அலறக்கூட இல்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. தூக்கிப் பார்த்தால் தொடையின் பின்பக்கம் பட்டையாகச் சிவந்திருந்தது. அன்றிலிருந்து எந்தப் பூங்காவாக இருந்தாலும் முதலில் என் புறங்கையை ஐந்து விநாடி சறுக்குமரத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் கை தாங்கினால்தான் குழந்தை ஏறலாம். பிளாஸ்டிக் என்றாலும் விடுவதில்லை, கறுப்பு ரப்பர் இருக்கை போட்ட ஊஞ்சலும் அப்படித்தான் கொதிக்கும்.

அத்தைக்கு இன்னொரு பழக்கம். குழந்தைகளை மணலில் இறக்குவதற்கு முன்னால் செருப்பு நுனியால் மணலைக் கோடு கோடாகக் கிளறுவார், வயலில் பாத்தி பிடிப்பது மாதிரி. ஒரு தடவை பாட்டில் மூடி வந்தது, ஒரு தடவை பச்சைக் கண்ணாடித் துண்டு. எடுத்து, கொண்டுவந்த ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடி குப்பைத் தொட்டியில் போடுவார். அதன் பிறகு, "சரி, இப்ப எறங்கு." இரண்டு நிமிஷ வேலைதான், இப்போது நானும் செய்கிறேன்.

சரி, பூங்காக்களுக்கு வருகிறேன்.

மிட்செல் பார்க் மார்னிங்சைட் பகுதியில் இருக்கிறது. பெரிய பெரிய மரங்கள், விளையாடும் இடம் முழுக்க நிழல், பக்கத்திலேயே ஒரு சின்ன மிருகக்காட்சி சாலை. அங்கேதான் அல்டாப்ரா என்கிற ராட்சத ஆமைகள். சின்னவள் முதல் தடவை பார்த்தபோது கல் என்று நினைத்துவிட்டாள், கல் கழுத்தை நீட்டியதும் என் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இங்கே முன்பு நெல்லி என்றொரு யானை இருந்தது, 1928-ல் மைசூர் மகாராஜா அனுப்பி வைத்தது. மவுத் ஆர்கன் ஊதும், தேங்காயைக் காலால் உடைக்கும். பெரியவனுக்கு இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து வீட்டில் தேங்காய் உடைக்கும்போதெல்லாம் "நெல்லி மாதிரி கால்ல உடைம்மா" என்கிறான். ஒட்டினாற்போல ஜேம்சன் பார்க், ரோஜாத் தோட்டம். முள் இருக்கிறது, இரண்டரை வயதுக்காரியை அங்கே ஓடவிட எனக்கு மனசு வராது. ஆமைகள், ஊஞ்சல், மரத்தடி பெஞ்ச், ஒரு காலைக்கு அதுவே போதும்.

பொட்டானிக் கார்டன் 1849-ல் தொடங்கியது, ஆப்பிரிக்காவில் இன்றுவரை இருக்கும் தாவரவியல் பூங்காக்களில் மிகப் பழையது என்பார்கள். ஊஞ்சல் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் நான் அதிகம் போகிற இடம் இதுதான். புல்வெளி விரிந்து கிடக்கிறது, நடுவில் ஏரி, ஏரி நடுவில் மரங்கள், மரம் நிறையப் பறவைகள். கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன். வேடந்தாங்கலில் சின்ன வயதில் அப்பா கைகாட்டிச் சொல்லிக்கொடுத்த பெயர்கள், அவற்றின் ஆப்பிரிக்க உறவுகளைக் காட்டி என் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தொண்டை அடைக்கிறது. பெரியவனுக்குக் கரண்டிவாயன்தான் பிடிக்கும். சாப்பிடும்போது கரண்டியை மூக்கில் வைத்துக்கொண்டு வருவான்.

அங்கே ஒரு தனிமரம் உண்டு. பார்க்கப் பனைபோல இருக்கும், பனையல்ல, சைக்கட் என்கிற மிகப் பழைய தாவர வகை. இந்தப் பூங்காவின் பொறுப்பிலிருந்த ஜான் மெட்லி வுட் 1895-ல் இங்கோயே என்ற காட்டில் இதைக் கண்டார், அவர் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. கண்டது ஆண்மரம். எத்தனையோ பேர் தேடியும் பெண்மரம் இதுவரை கிடைக்கவில்லை. இன்று உலகத்தில் எங்கே இந்த வகை நின்றாலும் அந்த ஒரே மரத்தின் பக்கக் கன்றுகளிலிருந்து வளர்ந்தவைதான். இதை முடிந்தவரை எளிமையாகப் பெரியவனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தான். அப்புறம் கையில் வைத்திருந்த பிஸ்கட்டில் பாதியை உடைத்து மரத்தடியில் வைக்கப் போனான். குரங்கு வந்துவிடும் என்று தடுத்துவிட்டேன், ஆனால் அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை.

குரங்கு என்றதும் ஞாபகம் வருகிறது. டர்பனில் மரம் அடர்ந்த இடமெல்லாம் வெர்வெட் குரங்குகள் உண்டு, சாம்பல் உடம்பு, கறுத்த முகம். குழந்தை கையில் வாழைப்பழம் இருந்தால் நேராகக் குழந்தையிடம்தான் வரும். தீனியை மூடிய டப்பாவில் வைத்து, பெரியவர் மடியில் வைத்து, ஒவ்வொரு வாயாகக் கொடுங்கள். குரங்குக்கு எதுவும் போடாதீர்கள், பழகிவிட்டால் அதற்கும் கெடுதல், அடுத்து வரும் குழந்தைக்கும் கெடுதல். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஆளே இல்லாத பூங்காவில் நான் கால் வைப்பதில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. நாலு குடும்பம் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் காரிலிருந்து குழந்தைகளை இறக்குவேன். ஜூன், ஜூலையில் ஐந்து மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும், நாலரைக்கே கிளம்பிவிடுவோம். ஆனாலும் பூங்காவுக்கு ஏற்றது அந்தக் குளிர்காலம்தான். மழை குறைவு, புழுக்கம் இல்லை, பகலில் இதமான வெயில்.

மூன்றாவது, தண்ணி பார்க். கடற்கரை ஓரமாக நீண்ட நடைபாதை, 2010 உலகக் கோப்பையை ஒட்டிப் புதுப்பித்தது, வழியில் குழந்தைகள் இறங்கி விளையாட ஆழமில்லாத குளங்கள். சின்னவளுக்கு அதுதான் சொர்க்கம். ஆனால் அங்கே போகிற அன்று மட்டும் அத்தை ஏதோ ஒரு சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவார். இரண்டு வருஷம் இப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வற்புறுத்தி அழைத்துப் போனேன். குளத்தருகே பெஞ்சில் இடம் இருந்தது, அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார். "உக்காருங்க அத்தை" என்றேன். அப்போதுதான் சொன்னார்.

அத்தை பிறந்தது மேகசின் பாரக்ஸில். நகரத்துக்காக உழைத்த இந்தியத் தொழிலாளர்களின் குடியிருப்பு அது, தமிழ்க் குடும்பங்கள் நிறைய. சோம்ட்சூ ரோட்டில் இருந்தது, கடற்கரைக்கு நடந்தே போகலாம். அவருடைய அப்பா தோட்ட வேலைக்காரர், புல்லை வெட்டி, பாத்தி கட்டி, பூச்செடிக்குத் தண்ணீர் விடுவார். இந்தக் கடற்கரைத் தோட்டங்களும் அவர் கை பட்டவைதான். ஆனால் அன்றைக்கு அந்தக் குளம், ஊஞ்சல், பெஞ்ச் எல்லாம் வெள்ளையர்களுக்கு. தனித்தனி வசதிகளை ஒதுக்கி வைக்கும் சட்டம் 1953-லேயே வந்துவிட்டது, இந்தியர்களுக்கு என்று வேறு கரை. "அப்பாவுக்கு மத்தியான சோறு கொண்டாருவேன். இந்த ஓரத்துல நின்னு குடுத்துட்டுப் போயிடணும். உள்ளே புள்ளைங்க தண்ணில குதிக்கும். கொஞ்ச நேரம் பார்ப்பேன். அப்பா, 'வீட்டுக்குப் போம்மா' அப்பிடிம்பார். ஏன்னு நான் கேட்டதே இல்லை, அவரும் சொன்னதே இல்லை." அவருக்கு எட்டு வயதாகும்போது அந்தக் குடும்பங்களையெல்லாம் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள், கடல் தூரமாகிவிட்டது. 1989 கடைசியில் கடற்கரைகள் எல்லோருக்கும் திறந்தன, 1990-ல் அந்தச் சட்டமே போயிற்று. அதற்குள் அத்தைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது, என் கணவரே பிறந்துவிட்டார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெஞ்சைத் தேடுவது கால்வலியால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே என்று நெஞ்சு கனத்தது. சின்னவள்தான் ஓடிவந்து, ஈரக் கையால் அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்தாள், "ஆயா வா, ஆயா தண்ணி." அத்தை செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார், சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டார், குளத்தில் இறங்கினார். தண்ணீர் அவர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ரொம்ப நேரம் அப்படியே நின்றார். சின்னவள் சுற்றிச் சுற்றி வந்து தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அத்தை எல்லா இடத்துக்கும் வருகிறார். போன வாரம் ஆமை பார்க்கில் ஒரு ஜுலு பாட்டி பேத்தியோடு வந்திருந்தார், அத்தை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அந்த அம்மாவைக் கோகோ என்று கூப்பிட்டார், ஜுலுவில் பாட்டி என்று அர்த்தம். அத்தைக்கு ஜுலு சரளமாக வரும், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் இல்லையா. இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் எனக்குப் பாதிதான் புரியும். அத்தை பிளாஸ்கிலிருந்து ஏலக்காய் டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தார், அந்த அம்மாவின் பையிலிருந்து வேர்க்கடலை வந்தது. ஊஞ்சல் வரிசையில் பேத்தியும் பெரியவனும் யார் முதலில் என்று தள்ளிக்கொண்டிருந்தார்கள், அவன் தமிழில் கத்த, அவள் ஜுலுவில் கத்த, கடைசியில் ஒரே ஊஞ்சலில் இரண்டு பேரும் நெருக்கி உட்கார்ந்துகொண்டு "தள்ளுங்க" என்று பெஞ்சைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். இரண்டு பாட்டிகளும் ஒன்றாக எழுந்தார்கள்.