அண்ணாவின் அடுத்த துவக்கு
ரொறன்ரோவில் முறையான அனுமதிப்பத்திரத்துடன் பழைய துவக்குகளைச் சேகரித்துவரும் பெரியண்ணா, அடுத்து வாங்குவது சுவிஸ் கே31 றைபிளா, லீ என்பீல்ட் நம்பர் 4 றைபிளா என்று நேற்றிரவு என்னிடம் கேட்டார். கே31 மிக நேர்த்தியான வேலைப்பாடு; தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்டை அதில் திருப்பத் தேவையில்லை, நேராக இழுத்துத் தள்ளினாலே போதும். இருந்தும் நான் லீ என்பீல்டையே சொன்னேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வயதுக்காரர் பொலிஸ்காரரின் தோளில் பார்த்து வளர்ந்த 303 றைபிளும் லீ என்பீல்ட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதைவிடப் பெரிய காரணம், அண்ணா வாழும் ஒன்ராறியோவிலேயே, லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்த றைபிள் செய்யப்பட்டது என்பது. விற்பனைக்கு உள்ள ஒன்றைக் காட்டி அவர் அனுப்பிய படத்தில், றைபிள் உடலின் இடப்பக்கத்தில் 1943 என்ற ஆண்டு தேய்ந்தும் தெளிவாகத் தெரிந்தது.

போருக்குப் பின்னர் வேட்டைக்காக, குழலை மூடியிருக்கும் முன்மரம் வெட்டிக் குறைக்கப்பட்ட றைபிள்கள் ஏராளம் என்பதால், மரம் முழுமையாக இருக்கிறதா, போல்டிலுள்ள இலக்கமும் உடலிலுள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்த்த பின்பே காசைக் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன். குழலின் உட்புறம் துருவால் அரிக்கப்பட்டிருந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சனிக்கிழமை அண்ணா நேரில் போகிறார். போல்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் பாய்ச்சி அவர் எடுக்கப்போகும் படத்துக்காகக் காத்திருக்கிறேன்.