கிறிஸ்துமஸ் காற்றில் ஒரு பாய்மரப் படகு: கிரெனடீன்ஸ் நாட்குறிப்பு

2024 டிசம்பர் 18, செயின்ட் வின்சென்ட்

செயின்ட் லூசியாவின் பிட்டோன் மலைகளின் அடியில் மிதவையில் கட்டியிருந்த படகை விடிவதற்கு முன்பே அவிழ்த்துக்கொண்டு புறப்பட்டோம். தீவின் மேற்குக் கரையை ஒட்டிச் சென்றவரை மலைகள் காற்றை மறைத்துக்கொண்டதால் எஞ்சினை நம்பித்தான் நகர வேண்டியிருந்தது. தெற்கு முனையைத் தாண்டியதும் எல்லாம் மாறிவிட்டது. அட்லாண்டிக்கின் குறுக்கே கிழக்கிலிருந்து தடையின்றி வரும் வியாபாரக் காற்று இரு தீவுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் நெருக்கப்பட்டு மேலும் வேகம் பிடிக்கிறது; நீரோட்டம் படகை மேற்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. முதன்மைப் பாயை இரண்டு மடிப்புக்குச் சுருக்கிவிட்டுத்தான் நீரிணைக்குள் நுழைந்தோம்.

பிற்பகலில் செயின்ட் வின்சென்டின் சூஃப்ரியேர் எரிமலை தெளிவாகத் தெரிந்தது. 2021 ஏப்ரலில் வெடித்துத் தீவின் வட பகுதி முழுவதையும் சாம்பலால் மூடிய மலையின் சரிவுகள் இப்போது பச்சைப் பசேலென்று இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த படகு அனுமதி கேட்கிறது என்பதைக் காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றி, சுங்கம், குடியேற்ற வேலைகளை முடித்து, புளூ லகூனில் மிதவை பிடிப்பதற்குள் இருட்டிவிட்டது. செயின்ட் லூசியாவில் பல படகுக்காரர்கள் சேர்ந்து திரட்டிக் கொடுத்த தார்ப்பாய்கள், கூரைத் தகடுகளுக்கான திருகாணிகள், பள்ளி நோட்டுகள் எல்லாவற்றையும் சுங்கப் படிவத்தில் எழுதிக் காட்டினோம். அவை, செயின்ட் வின்சென்டுக்குத் தெற்கே நீளும் கிரெனடீன்ஸ் தீவுத்தொடரில், ஜூலைப் புயலில் சிதைந்த யூனியன் தீவுக்குப் போய்ச் சேர வேண்டியவை. புத்தாண்டுக்கு அங்கே இருப்பதுதான் இப்போதைய எண்ணம்.

டிசம்பர் 20, கிங்ஸ்டவுன்

அதிகாலை நான்கு மணிக்கு வேன் பிடித்துத் தலைநகர் கிங்ஸ்டவுனுக்குப் போனோம். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாட்களும் விடியற்காலையில் இங்கு மக்கள் தெருவில் கூடிக் கொண்டாடுகிறார்கள். ‘நைன் மார்னிங்ஸ்’ என்று பெயர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் கத்தோலிக்க வழிபாடு முடிந்து, வீட்டுக்குத் திரும்பாமல் தெருவில் உலாவியவர்களிடமிருந்து இந்தப் பழக்கம் வளர்ந்ததாகச் சொல்கிறார்கள். ஹெரிடேஜ் சதுக்கத்தில் மேடை போட்டிருந்தார்கள். எஃகுப் பீப்பாயின் தட்டைக் குழிவாகத் தட்டிச் செய்யும் ஸ்டீல் பேன் வாத்தியக்குழுவில் முன்வரிசையில் நின்ற பெரியவர் இரண்டே குச்சிகளை வைத்துக்கொண்டு, உள்ளங்கை அளவு பள்ளங்களில் இருந்து ஒவ்வொரு சுரமாக எடுத்த விதத்தை என் மகள் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு மணிக்கெல்லாம் கூட்டம் கலைந்து அவரவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். வெளிநாட்டில் விடுமுறையைக் கழிக்கும் எவருக்கும் இதைவிட நல்ல வரவேற்பு கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம். விருந்தினருக்காக நடத்தப்படும் காட்சியாக அது இல்லை, எங்களுக்கும் அதில் இடம் இருந்தது.

டிசம்பர் 22, பெக்கியா

பெக்கியா தீவுக்கு ஒன்பது மைல் நீரிணைதான் என்றாலும் அலை செங்குத்தாக எழுந்து மேல்தளத்தை நனைத்துக்கொண்டே இருந்தது. அட்மிரால்டி விரிகுடாவுக்குள் திரும்பியதும் கடல் தணிந்தது, காற்று தணியவில்லை.

ஆண்டுதோறும் டிசம்பர் நடுவிலிருந்து இந்தக் காற்று வலுக்கிறது. வட அமெரிக்காவிலிருந்து நகர்ந்து வரும் குளிர்கால உயரழுத்த மண்டலங்கள் அட்லாண்டிக்கின் உயரழுத்தத்தை மேலும் பலப்படுத்துகின்றன. அதற்கும் தெற்கே நிலநடுக்கோட்டை ஒட்டிய தாழ்வழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு பெருகப் பெருக, வழக்கமாக 15 முதல் 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வரை வீசும் காற்று 25, 30 நாட் என்று நாட்கணக்கில் நீடிக்கிறது. கரீபியன் மாலுமிகள் இதற்கு ‘கிறிஸ்துமஸ் காற்று’ என்று பெயரிட்டிருப்பதில் எந்த மிகையும் இல்லை. விமானத்தில் விடுமுறைக்கு வருகிறவர்கள் தேதியை முதலில் குறிக்கிறார்கள். படகில் வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் காற்றை.

ஆகவே நங்கூரமிடும் வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டோம். ஆழம் ஏழு மீட்டர்; நீர்மட்டத்திலிருந்து அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரம் ஒன்றரை மீட்டர். இரண்டையும் கூட்டி ஏழால் பெருக்கினால் வருகிற அறுபது மீட்டர் சங்கிலியையும் இறக்கினோம். பிறகு எஞ்சினை மெல்லப் பின்னோக்கி இயக்கி, கரையிலுள்ள ஒரு தென்னையும் அதற்குப் பின்னாலிருந்த வீட்டுக் கூரையும் ஒரே நேர்கோட்டில் அசையாமல் நிற்கின்றனவா என்று பார்த்தோம். அதன்பின் கணவர் முகமூடி அணிந்து நீரில் இறங்கினார், நானும் பின்தொடர்ந்தேன். நங்கூரத்தின் கூர்முனை மணலுக்குள் முழுதாகப் புதைந்து, மேல்வளையம் மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு கை தூரத்தில் கடற்புல் தொடங்கியிருந்தது. புல்லின் மேல் விழுந்திருந்தால் வேர்களில் சிக்கிப் பிடித்ததுபோல் தோன்றினாலும் முதல் பலத்த வீச்சில் பெயர்ந்திருக்கும். அதிர்ச்சியைத் தாங்குவதற்காகச் சங்கிலியில் மாட்டிய நைலான் கயிறு அணியத்தில் உரசும் இடத்துக்குப் பழைய ரப்பர் குழாய் ஒன்றைச் சுற்றிய பிறகே அடுப்பைப் பற்றவைத்தேன்.

டிசம்பர் 25

கரையில் பல படகுக்காரர்கள் கூடி, அவரவர் சமைத்ததைக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிட்டோம். ஊர்க்காரர் ஒருவர் சோரல் கொண்டுவந்தார். அது செம்பருத்தி இனத்துச் செடி ஒன்றின் சிவந்த புல்லிகளை இஞ்சி, கிராம்புடன் கொதிக்க வைத்து ஊறவிட்ட பானம். ரம்மில் நெடுநாள் ஊறிய பழங்களால் செய்த கரிய கேக்கும் வந்தது.

எங்கள் ஒவ்வொரு படகிலும் ஒருவர் தங்குவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாறுவது என்று காலையிலேயே ரேடியோவில் பேசி வைத்திருந்தோம். அந்த ஏற்பாடு பிற்பகலில் கைகொடுத்தது. மலை இடுக்கு வழியாக இறங்கிய ஒரு வீச்சில், ஆளில்லாத படகு ஒன்று நங்கூரம் பெயர்ந்து எங்கள் பக்கமாக நகரத் தொடங்கியது. படகில் காவலிருந்த என் மகள் உடனே ரேடியோவில், “அப்பா, நீலப் படகு நகருது, சீக்கிரம் வாங்க” என்றாள். கையிலிருந்த தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு கரைக்கு வந்துபோகும் சிறு படகுகளான டிங்கிகள் மூன்றில் எல்லோரும் பாய்ந்தார்கள். இரண்டு டிங்கிகள் அந்தப் படகைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்க, மற்றவர்கள் ஏறி மேலும் முப்பது மீட்டர் சங்கிலியை இறக்கினார்கள். திரும்பி வந்தபோது சோறு ஆறியிருந்தது. பேச்சு முன்பைவிடச் சூடாக இருந்தது. அறிமுகமே இல்லாதவர்கள் ஒருவர் படகை ஒருவர் இப்படிக் காப்பதை நான் மனதார மதிக்கிறேன்.

டிசம்பர் 28

முன்னறிவிப்பில் மாற்றம் இல்லை. வடக்கிலிருந்து நெடுந்தொலைவு அலையும் விரிகுடாவுக்குள் வளைந்து வருவதால் இரவெல்லாம் படகு உருள்கிறது. யூனியன் பயணம் தள்ளிப்போகிறது.

டிசம்பர் 31

ஊர் வழக்கில் இன்று ‘பழைய ஆண்டு இரவு’. நேற்றுதான் அமாவாசை என்பதால் விண்மீன்கள் நிறைந்திருக்கின்றன. நள்ளிரவில் எல்லாப் படகுகளும் ஹாரன் ஊதும், நாங்களும் ஊதுவோம். ஆனால் காலாவதியான ஆபத்துச் சமிக்ஞை வாணங்களைச் சிலர் வேடிக்கைக்காகக் கொளுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. சிவப்பு வாணம் என்றால் கடலில் ஓர் உயிர் உதவி கேட்கிறது என்று பொருள். அந்த இரவில் உண்மையாகவே யாராவது ஒரு வாணத்தை ஏற்றினால், அதை யார் நம்புவார்கள்?

2025 ஜனவரி 4, யூனியன் தீவு

காற்று 18 நாட்டுக்கு இறங்கியதும் நேற்று விடியலில் நங்கூரத்தைத் தூக்கினோம். முப்பது மைலுக்குச் சற்றுக் குறைவான பயணம். கிளிஃப்டன் துறைமுகத்தின் நடுவிலேயே பவளத்திட்டு ஒன்று இருப்பதால், நீரின் நிறம் நன்றாகத் தெரியும்படி வெயில் தலைக்கு மேல் வந்த நேரத்தில் நுழைந்தோம்.

கடந்த ஜூலை 1 அன்று நான்காம் நிலைப் புயலாக இவ்வழியே சென்ற பெரில், அண்டைத் தீவான கரியாக்கூவின் மேல் கரையேறியது. யூனியனில் பெரும்பாலான வீடுகள் சிதைந்தன. ஆறு மாதம் கழிந்தும் பல வீடுகளுக்குச் சுவர் மட்டுமே இருக்கிறது. புதுத் தகடுகள் வேய்ந்த கூரைகள் நடுநடுவே பளிச்சிடுகின்றன. இப்படிப்பட்ட இடத்துக்கு விடுமுறைக்கு வரலாமா என்று வழியில் ஒருவர் கேட்டார். கட்டாயம் வர வேண்டும். இத்தீவின் பிழைப்பில் பெரும்பங்கு படகுகளை நம்பியிருக்கிறது. நாம் விலகிப்போனால் இரண்டாவது அடியும் விழும்.

பொருட்களை இன்று காலை ஒப்படைத்தோம். தச்சர் ஒருவர் திருகாணிப் பெட்டிகளைத் திறந்து, ஒன்றை எடுத்து நகத்தால் முனையைத் தடவிப் பார்த்து, துருப்பிடிக்காதவைதானா என்று உறுதி செய்துகொண்டார். நீளம் போதும், இதே அளவில் இன்னும் வேண்டும், ரப்பர் வாஷர் வைத்தவையாக இருக்கட்டும் என்றார். செயின்ட் லூசியாவிலிருந்து இன்னும் புறப்படாத நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டோம். அவர்கள் திங்கட்கிழமை கடைக்குப் போகிறார்கள்.