புள்ளடி

செப்டெம்பர் 1, 2024
ஜனாதிபதித் தேர்தலுக்குத் தமிழரசுக் கட்சி சஜித்துக்காம். தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்குச் சங்குச் சின்னம். சைக்கிள் சின்னக் கட்சிக்காரர் வாக்குப் போடப் போகவே வேண்டாம் என்கிறார்கள். அம்மா ரேடியோவை நிற்பாட்டச் சொன்னா. அவவின் கால் வீக்கம் வற்றவில்லை.

செப்டெம்பர் 6
தபால்காரர் வாக்காளர் அட்டை தந்துவிட்டுப் போனார். இரண்டு. எத்தனை தேர்தல் வந்தாலும் மூன்றாவதைத் தேடுகிற பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. அம்மா தன்னுடையதை வாங்கி, கண்ணாடியும் போடாமல், அண்ணாவின் படத்துக்குப் பின்னால் செருகினா.
"எனக்கு வேண்டாம் பிள்ளை. நீ போறதெண்டா போ."

செப்டெம்பர் 8
நித்திரை இல்லை. 2005 நவம்பர் 17 தான் திரும்பத் திரும்ப வருகிறது. அண்ணாவுக்கு அது முதல் வாக்கு. அடையாள அட்டையைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு, "முகமாலை மட்டும் போய்ப் பாப்பமோ?" என்று கேட்டான். எங்கள் பக்கத்தாருக்கு வாக்குச்சாவடி அங்கேதான். "பேசாமல் இரு. ஊரே வீட்டில இருக்கு" என்றா அம்மா. புலிகளின் பக்கத்திலிருந்து புறக்கணிப்பு என்று சொல்லியாகிவிட்டது, அதற்கு மேல் அந்த நாளில் யார் கதைப்பது?

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்காளர் இடாப்பில் ஏழு லட்சம் பேர். விழுந்தது 8,524. மகிந்த ரணிலை வென்றது 180,786 வாக்கால். இந்த இலக்கம் எனக்கு வீட்டு இலக்கம் மாதிரி மனப்பாடம்.

ரணில் வந்திருந்தால் சண்டை வந்திராது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். 2009இல் சரணடைந்தவர்கள் காணாமற்போன அந்த வட்டுவாகல் இல்லாமல் போயிருக்கும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் வாக்கில் ஒன்றுமில்லை என்று யாரும் சொன்னால் எனக்கு உடம்பு நடுங்குகிறது. ஒன்றுமில்லாத சாமானென்றால் அதைப் போடவிடாமல் ஏன் அவ்வளவு கவனமாகத் தடுத்தார்கள்?

கிளிநொச்சித் தொகுதியில் அன்றைக்கு விழுந்தது ஒரே ஒரு வாக்கு. யார் அது?

செப்டெம்பர் 11
அந்த ஒராள் வீட்டில் சொல்லியிருப்பாரா?

செப்டெம்பர் 13
கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடிக் கொட்டிலுக்கு அம்மாவின் மருந்துத் துண்டைக் காட்டிவிட்டு வரப் போனேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் 2017 பெப்ரவரி 20இல் போராட்டத்துக்கு இருக்கத் தொடங்கிய இடம். அம்மா இருக்கிற இடத்தை யாரும் எடுக்கவில்லை, பாய் சுருட்டியபடியே கிடக்கிறது.

பக்கத்தில் இருக்கிற அம்மா சொன்னா: "மைத்திரிக்குப் போட்டம். வந்தார், ஒண்டுமில்லை. சஜித்துக்குப் போட்டம், வரேல்ல. வந்தாலென்ன வராட்டியென்ன பிள்ளை, என்ர பெடியனைக் காட்டுறதுக்கு ஆரிருக்கினம்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. மாகாண சபைக்கு 2013இல் போட்டோம், 2018இல் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. உள்ளூராட்சித் தேர்தலைப் போன வருடம் காசில்லையென்று நிற்பாட்டினார்கள். போட விடாததும் ஒன்று, போட்டதை வைத்து ஒன்றும் செய்யாததும் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இந்த அம்மாக்கள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். கோபத்தில் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தேன்.

செப்டெம்பர் 17
காய்ச்சல். கஞ்சி இரண்டு கரண்டி.

செப்டெம்பர் 20
"எத்தினை பேராம் நிக்கினம்?"
38 என்றேன். அம்மா வேறொன்றும் கேட்கவில்லை.

செப்டெம்பர் 21
விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் பார்த்தால் அம்மா தலை இழுத்து, வெள்ளைச் சீலை உடுத்து, கதிரையில் இருக்கிறா. அட்டை கையில்.

ஓட்டோ பிடித்துப் போனோம். பள்ளிக்கூடத்துப் படி மூன்றையும் ஒவ்வொன்றாக ஏறினா. நான் போட்டுவிட்டு வெளியில் வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். அம்மா வரவில்லை. பின்னால் நின்றவர்கள் வந்து போய்விட்டார்கள். வயிறு கலங்கிவிட்டது எனக்கு.

வந்தா. விரல் மை காயும்வரைக்கும் கையைச் சீலையில் படாமல் பிடித்திருந்தா.

"அவன்ர பேர் இடாப்பில இருக்கோ எண்டு கேட்டனான். பாவம், அந்தப் பிள்ளை மூண்டு தரம் தேடினது."

யாருக்குப் புள்ளடி என்று நான் கேட்கவில்லை. இரவு பத்து மணிக்கு ஊரடங்கு.

செப்டெம்பர் 22
மத்தியானம் மட்டும் ஊரடங்கு. ஒருவருக்கும் பாதிக்கு மேல் இல்லாததால் இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணினார்கள், இலங்கையில் முதல் தரமாக. பின்னேரம் அநுர என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்து மாவட்டங்களில் சஜித் தான் முன்னுக்கு. சங்குக்கு 226,343.

நாங்கள் கேட்டவர் வரவில்லை என்று ஒன்றுவிட்ட தம்பி போனில் சலித்துக்கொண்டான். எனக்குச் சலிப்பு வரவில்லை. வடக்கில் யார் யாருக்கு எத்தனை என்று கொழும்பில் இன்றைக்கு வாசிக்கத்தானே வேண்டியிருந்தது.

அம்மா கேட்டது ஒன்றுதான். "கிளிநொச்சியில எத்தினை விழுந்தது?"

போனில் தேடி எடுத்து, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. முடிய, இன்னொருக்கா வாசி என்றா.

செப்டெம்பர் 23
பதவிப்பிரமாணம். அம்மா பார்க்கவில்லை, படுத்திருந்தா.

செப்டெம்பர் 25
பாராளுமன்றம் கலைத்தாயிற்று. நவம்பர் 14 திரும்பவும் தேர்தல். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. வீக்கம் முழங்கால் மட்டும் ஏறியிருக்கிறது, விடிய ஆஸ்பத்திரி. அட்டையைக் காணவில்லை என்று தேடினேன், தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறா.