வெறுங்கதிரைகளுக்கு யார் பொறுப்பு?

நட்டத்தில் ஓடும் விளையாட்டு அணி ஒன்றை ஊர் மாற்றும் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் காட்டப்படுவது வெறுங்கதிரைகளின் படம்தான். சனம் வரவில்லை, ஆகவே அந்த ஊருக்கு அணி தேவையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் அரிசோனா கயோட்டீஸ் அணிக்கு நடந்ததை வாசிக்க வாசிக்க, கதிரைகள் ஏன் வெறுமையாகின என்று கேட்காமல் ஓர் அணியைப் பெயர்த்தெடுப்பது அந்த ஊர் ரசிகர்களுக்குச் செய்யும் அநீதி என்ற எண்ணமே எனக்கு வலுத்திருக்கிறது.

வினிபெக்கில் இருக்கும் என் அத்தான் இதை ஏற்பதில்லை. கனடாவில் உறவினர் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. ஐஸ் ஹொக்கி எனக்குப் பழக்கமானதும் அவர் வழியாகத்தான். "ஆக்கள் வராத கடையை எவ்வளவு காலத்துக்குத் தம்பி திறந்து வைச்சிருக்கிறது?" என்பது அவருடைய கேள்வி. அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. வினிபெக் ஜெற்ஸ் அணி 1996 இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகருக்குக் கொண்டுபோகப்பட்டுக் கயோட்டீஸ் ஆனபின் அந்த நகரம் 15 வருடங்கள் லீக்கில் அணியின்றி இருந்தது. 2011 இல் அற்லான்ராவின் திராஷர்ஸ் அணி அங்கே மாற்றப்பட்டபோதுதான் ஜெற்ஸ் என்ற பெயர் மீண்டும் உயிர்பெற்றது. இடமாற்றம் ஓர் ஊரின் வாயில் மண்ணைப் போட்டாலும் இன்னோர் ஊரின் வயிற்றில் பால் வார்க்கிறது என்பதை அவர் நேரில் கண்டவர்.

ஆனால் பீனிக்ஸின் கதையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அணி முதலில் ஆடிய அரங்கு கூடைப்பந்துக்காகக் கட்டப்பட்டது. ஐஸ் ஹொக்கித் தளம் அதைவிட மிக நீளமானது என்பதால், ஒரு பக்கத்து மேல்வரிசைகளில் அமர்ந்தவர்களுக்குத் தங்களுக்குக் கீழேயிருந்த கோல் கம்பமே தெரியவில்லை. பணம் கொடுத்து உள்ளே போனவர், தன் காலடியில் விழும் கோலைத் திரையில் பார்க்க வேண்டியிருந்தது. 2003 இல் க்ளென்டேலில் புதிய அரங்கு கிடைத்தது. அதுவோ பெருநகரின் மேற்குக் கோடியில் இருந்தது, அணியின் ரசிகர்களில் பெரும்பகுதியினரோ ஸ்கொட்ஸ்டேல் போன்ற கிழக்குப் பகுதிகளில் இருந்தார்கள். வேலை முடிந்து நெரிசலில் நகரைக் குறுக்கே கடந்துதான் அவர்கள் ஒரு வாரநாள் ஆட்டத்துக்குப் போக வேண்டும்.

2009 இல் உரிமையாளர் அணியை வங்குரோத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். கனடாக் கோடீஸ்வரர் ஜிம் பல்சிலி அதை வாங்கி ஹமில்ரனுக்கு மாற்ற முயன்றதை லீக் எதிர்த்து நின்று, இறுதியில் தானே அணியை வாங்கி 2013 வரை நடத்தியது. அணி ஆண்டுதோறும் போகப்போகிறது, போகப்போகிறது என்று செய்தி வந்துகொண்டிருந்த அந்தக் காலத்திலேயே, 2012 இல், மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை அது முன்னேறியது. நாளைக்கு இருக்குமோ தெரியாத அணிக்கு எந்தக் குடும்பம் துணிந்து முழுப் பருவத்துக்கும் அனுமதிச்சீட்டு வாங்கும்? பின்னர் க்ளென்டேல் நகரசபை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2022 இலிருந்து சுமார் 4,600 பேர் மட்டுமே அமரக்கூடிய பல்கலைக்கழக அரங்கில் அணி ஆடியது. 2023 மே மாதம், பீனிக்ஸை அடுத்த டெம்பி நகர வாக்காளர்கள் புதிய அரங்குத் திட்டத்தை நிராகரித்தார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் அணி யூட்டா மாநிலத்தின் சோல்ட் லேக் சிற்றிக்கு 1.2 பில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது டெல்டா சென்ரர். யூட்டாவில் அணி போய் இறங்கிய அந்த அரங்கும் கூடைப்பந்துக்காகக் கட்டப்பட்டதே. தடையின்றிப் பார்க்கக்கூடிய கதிரைகள் முதற் பருவத்தில் ஏறத்தாழ 11,000 மட்டுமே, மற்றவற்றிலிருந்து ஒரு கோல் கம்பத்தைத்தான் முழுமையாகப் பார்க்கலாம். ஆனால் அங்கே பணமும் மனமும் உள்ள உரிமையாளர் இருக்கிறார், நகரமும் விற்பனை வரியை உயர்த்தி உதவுகிறது, அரங்கைத் திருத்துகிறார்கள். பீனிக்ஸில் அதே குறை ரசிகர்களின் தலையில் கட்டப்பட்டது. அந்தப் பாலைவன ஊரில் ஹொக்கி வேரூன்றவில்லை என்பதும் உண்மையல்ல. கயோட்டீஸின் ஆட்டங்களைப் பார்த்து ஸ்கொட்ஸ்டேலில் வளர்ந்த ஒஸ்டன் மத்தியூஸ், அந்த அணி அரிசோனாவில் ஆடிய கடைசிப் பருவத்தில் ரொறன்ரோவுக்காக 69 கோல்கள் போட்டார்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதில் எனக்கென்ன அக்கறை என்று கேட்கலாம். எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய கிரிக்கெட் அணி லங்கா பிரீமியர் லீக்கில் 2020, 2021, 2022, 2024 ஆகிய வருடங்களில் கிண்ணம் வென்றது. அந்த வெற்றிகளில் ஒன்றுகூட இந்த மண்ணில் பெறப்பட்டதில்லை; அம்பாந்தோட்டையிலும் கொழும்பிலும் கண்டியிலும் நடந்ததை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில்தான் அடிக்கல் வைக்கப்பட்டது. வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க முடியாத அணியிடமும் பற்று வரும், எனக்கும் வந்தது. ஆனால் அது எட்ட நின்று வைக்கும் பற்று. இருந்த அணியைப் பறிகொடுத்தவர்களின் மனக்குறை எனக்கு அந்நியமாகத் தெரியாததற்கு இதுவே காரணம்.

28 வருடங்கள் கொடுத்தது போதாதா என்று அத்தான் திருப்பிக் கேட்கிறார். ஒரு வருடமாவது ஒழுங்கான அரங்கும் நிலையான உரிமையாளரும் சேர்ந்து கிடைத்ததா என்று நான் கேட்கிறேன். 2024 இல் வினிபெக்கிலும் பருவ அனுமதிச்சீட்டுகள் சுமார் 13,000 இலிருந்து 9,500 அளவுக்கு விழுந்துவிட்டன என்ற செய்தி வந்தபோது, வாழ்க்கைச் செலவு ஏறிவிட்டது, பெருந்தொற்று பழக்கத்தைக் கெடுத்துவிட்டது, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று அவர் காரணங்களை அடுக்கினார். அவை அத்தனையும் சரியான காரணங்களே. அதே பொறுமையோடு பீனிக்ஸின் கணக்கையும் பார்க்கச் சொல்லித்தான் நான் மன்றாடுகிறேன்.

இடமாற்றத்தை லீக் அனுமதிக்கும் முன், அணியின் வரவுசெலவு பகிரங்கமாக வைக்கப்பட வேண்டும், உள்ளூரில் வாங்க விரும்புவோருக்குக் குறைந்தது ஒரு முழுப் பருவமாவது தவணை கொடுக்கப்பட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. கணக்கைக் காட்டுவதற்கு அத்தான் உடன்படுகிறார். தவணை கொடுத்தால் அதற்குள் நல்ல வீரர்கள் கைநழுவிப் போவார்கள் என்று அவர் இன்னும் வாதாடுகிறார். வீரர்களின் ஒப்பந்தங்களை லீக் பொறுப்பேற்றால் அது நடக்காது, 2009 இல் லீக் முழு அணியையுமே பொறுப்பேற்றதே என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.